எந்தப் பக்கம் கூட்டினாலும்

இருபத்தெட்டாவது எண்ணுக்கு வந்தபோது வசந்தாமணிக்கு மூக்கு நுனி அரித்தது. எப்போதும் இப்படித்தான். எழுத்தாணியைக் கையில் எடுக்கும்வரை இருக்கிற இடமே தெரியாத மூக்கு, எடுத்த பிறகு நானும் ஒருத்தி இருக்கிறேன் என்று வந்து நிற்கும். சொறியலாம், தப்பில்லை, பேசத்தான் கூடாது. செப்புத் தகட்டின் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் ஒன்றில் தொடங்கி எண்பத்தொன்று முடியும்வரை வாயிலிருந்து சத்தம் வரக்கூடாது, ம் என்று முனகினால்கூடத் தகடு செத்துப்போகும், செத்த தகட்டை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் காவேரியில் விட்டுவிட்டு, யாருக்காக எழுதினோமோ அவருடைய நட்சத்திரம் திரும்ப வரும்வரை இருபத்தேழு நாள் காத்திருக்க வேண்டும். ஓசூரில் இருக்கிற ரேணுகாவால் இருபத்தேழு நாள் காத்திருக்க முடியாது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எழுந்து மூன்று மாதமாகிறது, காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை, வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்குகிறது, அக்கா, படுத்தா லாரி சத்தம் கேக்குதுக்கா என்று வாட்ஸப்பில் குரலாக அனுப்புகிறாள். நிமிஷக் கணக்கில் நீளும் குரல், நடுவில் மூக்கை உறிஞ்சும் சத்தம். டாக்டரிடம் போ கண்ணு, மாத்திரையும் சாப்பிடு, இதையும் கட்டிக்கொள் என்று வசந்தாமணி சொல்லியிருந்தாள். இதை மட்டும் கட்டிக்கொள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. இருபத்தேழு ஒன்பதின் மடங்கு, அதனால் இருபத்தெட்டு அதற்கு நேர் கீழ்க் கட்டத்தில். இனி மேலே ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி, சட்டத்தைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் போய் நுழைய வேண்டும். செம்பு இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கிறது, ஆணி அழுத்தினால் வாங்கிக்கொள்கிறது. மழை நாளில் வீம்பு பிடிக்கும்.

வாயை மூடினால் மனசு வாயாடும். இருபத்தொன்பது. எதிரே மணையில் எலுமிச்சம் பழம் மூன்று, காம்போடு, புள்ளி விழாதது. ஃப்ரிட்ஜில் வைத்த பழம் ஆகாது என்று எந்தச் சுவடியிலும் எழுதவில்லை, எழுதின காலத்தில் ஃப்ரிட்ஜ் ஏது, அது வசந்தாமணி தானாகக் கண்டுபிடித்த சட்டம். குளிர்ந்த பழத்தை அறுத்தால் சாறு பதுங்குகிறது. பக்கத்தில் உடுக்கை, போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய ஃபைபர் உடுக்கை டிபன் டப்பாவைத் தட்டினாற்போல் ஒலித்ததால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தோல் உடுக்கையே வாங்கினாள். வீடியோ காலில் உடுக்கை அடித்த முதல் நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். துபாயிலிருந்து ஒருத்தர், கண் மூடி பக்தியாக உட்கார்ந்திருக்கிறார், நெட் திணறுகிறது, இவள் அடிப்பது அங்கே விட்டு விட்டுப் போய்ச் சேர, அக்கா பாதி சாமிதான் வந்திருக்கு என்றார் அவர். சிரிக்கக் கூடாது. சிரிப்பும் சத்தம்தான். முப்பது. முப்பத்தொன்று. பூட்டிய உதட்டுக்குள்ளே சிரிப்பு குறுகுறுத்து அடங்கியது. உள்ளறையில் தாரணி தலை வாருகிற சத்தம், சீப்பு எங்கேயோ சிக்கி, ச்சே என்று அவள் அலுத்துக்கொள்வது. மகள் இன்றைக்கு லீவு. லீவு போட்டுவிட்டு அம்மா எழுதுகிற ஹாலுக்குள் வராமல் உள்ளேயே இருக்கிறாள். ஈரோட்டில் மாடி போர்ஷன், ஒரு ஹால், ஒரு அறை, இதற்குள் இரண்டு பேர் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருப்பதென்றால் அதற்கு ஒரு வைராக்கியம் வேண்டும், அது பிள்ளைக்கு வேறு எங்கிருந்து வந்திருக்கும்.

முப்பத்தாறு வந்தது. இந்த எண் வரும்போதெல்லாம் வசந்தாமணிக்கு முதுகு தானாக நிமிரும். பாத்திரக் கடையில் பதினோரு வருஷம் பேர் வெட்டியவள் அவள். கரண்டு மெஷினை விரலுக்கிடையில் பிடித்து, குடத்திலும் அண்டாவிலும் ஊரார் பேரையெல்லாம் வெட்டித் தள்ளிய கை. ஒருநாள் ஜிப்பா போட்ட மந்திரவாதி ஒருவர் கட்டுக் கட்டாகச் செப்புத் தகடோடு வந்து, ஒரு காகிதத்தைக் கொடுத்து, இதைப் பார்த்து நூறு தகட்டில் மெஷினில் இழுத்துவிடம்மா என்றார். இழுத்தாள். பத்தாவது தகட்டில் கை ஓட, கண் சும்மா இருக்க, வரிசையைக் கூட்டிப் பார்த்தது மனசு. எல்லா வரிசையும் முந்நூற்று அறுபத்தொன்பது, ஒன்று மட்டும் முந்நூற்று எழுபத்தொன்று. முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு. ஏனுங்க, இது தப்பா இருக்குதுங்களே என்றாள். அவர் வெற்றிலையை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றி, எவன் கூட்டிப் பாக்கப் போறான், நீ இழும்மா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை என்னவோ செய்தது. பயந்தவன் ஒருவன் இதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு படுக்கப் போகிறான், அவனுக்குப் போய்த் தப்புக் கணக்கா. அன்றைக்கு மிச்சத் தகடுகளில் அவள் முப்பத்தாறு என்றே வெட்டினாள், அவரிடம் சொல்லவில்லை. அப்புறம் பழைய சுவடி, பஞ்சாங்கக் கடைப் புத்தகம், யூட்யூப் என்று தேடித் தேடிப் படித்து, மெஷினை வைத்துவிட்டு ஆணியை எடுத்தாள். கோயமுத்தூர் லேத் பட்டறையில் சொல்லி, கைக்கு அளவாகக் கடைந்து வாங்கிய ஆணி. மூன்று வருஷத்தில் இருநூறு தகடு, ஒன்றிலும் கூட்டல் தப்பியதில்லை. சேலத்து ஆடிட்டர் ஒருத்தர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, மேடம், எந்தப் பக்கம் கூட்டினாலும் சரியா வருது, எங்க ஆபீஸ்ல இப்படி வராது என்று போன் செய்தார். தகடு வேலை செய்கிறதா என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லச் சொன்னால் வசந்தாமணி யோசிப்பாள். கூட்டல் சரி, அது தெரியும். பயந்து கிடக்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் மாறாத ஏதோ ஒன்று கழுத்தில் இருந்தால் நல்லதுதானே. முதல் தகட்டில் மட்டும் பழக்க தோஷத்தில் மூலையில் இன்ஷியலும் தேதியும் சேர்த்து வெட்டிவிட்டாள், கல்யாணக் குடத்தில் வெட்டுகிற மாதிரி. அந்த அம்மாள், பேரெல்லாம் போட்டுக் குடுத்திருக்கீங்க என்று சந்தோஷப்பட்டார்.

நாற்பத்தொன்று. நடுக் கட்டம், இது எல்லாவற்றுக்கும் தொப்புள். இங்கே ஆணி சற்று ஆழமாக இறங்க வேண்டும், இறங்கியது, ஆனால் மனசு வேறெங்கோ போய்ச் சிக்கிக்கொண்டது. போன வாரம் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா ராமாத்தாள், உங்கொம்மா என்ன பண்றாங்க கண்ணு என்று கேட்டார். தாரணி ஒரு நொடி தரையைப் பார்த்துவிட்டு, பாத்திரத்துல பேரு வெட்டறாங்கங்க என்றாள். காபித் தட்டோடு நின்ற வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை, மூன்று வருஷத்துக்கு முந்தைய நிஜம். அவளும் சிரித்துத் தலையாட்டினாள், ஆட்டிய தலை இன்னும் வலிக்கிறது. பிள்ளையைக் குறை சொல்லி என்ன, அப்பன் இல்லாத பெண், ஆறு இடம் வந்து தட்டிப் போனது, இரண்டு இடத்தில் அந்தம்மா தகடு எழுதறவளாமே என்று நேராகவே சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நல்ல வேலை, தாரணிக்கும் பிடித்திருக்கிறது, பிடித்ததை மறைக்கத் தெரியாமல் இரண்டு நாளாகப் பாட்டை முணுமுணுக்கிறாள். மகளுக்காக மண்ணைக்கூட விழுங்கலாம். ஆனால் மகளே எடுத்து ஊட்டுகிற மண் தொண்டையில் நிற்கிறது. நாற்பத்தேழு. ஒரு படி மேலே, ஒரு படி வலது. கல்யாணப் பத்திரிகையில் என்ன போடப் போகிறார்கள், போட மாட்டார்கள், அம்மாவின் தொழிலை யார் போட்டார்கள். கல்யாணமானபின் மருமகன் வீட்டுக்கு வந்தால் உடுக்கையை எங்கே ஒளிப்பது, கட்டிலடியில் வைக்கக் கூடாது, காலடி படும். இருநூறு தகடு எழுதிய கை. ஒளிக்க வேண்டிய கை.

ஐம்பத்திரண்டை எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. யாரும் அடிக்கக் கூடாதே. எழுதுகிற நாளில் வாசற்கதவில் வேப்பிலைக் கொத்து செருகி வைப்பாள், அம்மை போட்ட வீடு என்று நினைத்துக்கொண்டு பேப்பர்காரன்கூடத் தள்ளிப் போய்விடுவான். இன்று விடியும்போதே செருகினாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளிருந்து வந்த தாரணி அம்மாவைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, யாருக்கு அம்மை, யாருக்கு அம்மை என்று கேட்டுத் துளைப்பாளே என்று அதை இவள்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். தாரணி கதவை ஒரு சாண் திறந்தாள், அந்த ஒரு சாண் வழியாக ஒரு குரல் முழுசாக உள்ளே வந்தது.

"என்ன அம்மிணி, திருதிருன்னு முழிக்கறே? அத்தைதான். இந்தப் பக்கம் ஒரு துக்கத்துக்கு, இல்லையில்ல, நல்ல காரியத்துக்குத்தான் வந்தேன். ஜவுளிக் கடைக்கு. கையோட இதையும் கொண்டாந்துட்டேன்."

ராமாத்தாள் இடுப்பில் புது வெண்கலக் குடம். உங்க ரெண்டு பேர் பேரும் சம்மந்தி கையாலயே வெட்டி வாங்கோணும்னு எனக்கு ஒரு ஆசை, கடையில குடுத்தா கோழி கிளறுன மாதிரி வெட்டறான் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார், ஹாலுக்குள் காலை வைத்தார், நின்றார். சாம்பிராணிப் புகை. மஞ்சள் தடவிய மணை. எலுமிச்சம் பழம், கற்பூரம், உடுக்கை, செப்புத் தகடு, அதன்மேல் குனிந்து எழுத்தாணி பிடித்த சம்மந்தி. வசந்தாமணி தலையை நிமிர்த்தி, இடக் கையை நெஞ்சில் வைத்து வணங்கினாள். வேறு என்ன செய்ய. வீடு தேடி வந்தவளை வா என்று சொல்லாத பாவம் வேறு. ஐம்பத்துமூன்று.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டிருக்குதுங்க அத்தை" என்றாள் தாரணி. குரல் கீச்சென்று வந்தது.

"தொண்டை கட்டுனா உடுக்கை எதுக்கு கண்ணு?"

தாரணி சமையல் மேடைக்குப் போய்த் தண்ணீர் சொம்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ராமாத்தாள் சுவரோரமாக உட்கார்ந்தார், சேலையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டார், புகை படக்கூடாது என்பதுபோலக் குடத்தை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். வசந்தாமணியின் காது இரண்டும் அங்கே, கண் இங்கே. அறுபத்துமூன்று ஒன்பதின் மடங்கு, இறங்கு. கை நடுங்கவில்லை, அதைக் கவனித்தபோது அவளுக்கே ஆச்சரியம். கழுத்தில் வியர்த்தது, கை மட்டும் இது வேறு யாரோ வீட்டுப் பிரச்சினை என்பதுபோலத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல கை. இந்தக் கையைப் பற்றியா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாய் கண்ணு. ரேணுகா என்ன செய்துகொண்டிருப்பாள், இந்நேரம் பஸ்ஸுக்கு நிற்பாள், ஸ்கூட்டர் வீட்டில் துணி போர்த்திக் கிடக்கும். அறுபத்தொன்பது. எழுபது. ஆணி செம்பில் கீறுகிற சத்தம் இவ்வளவு பெரிய சத்தம் என்று இத்தனை நாள் தெரியாது. எழுபத்திரண்டு. இறங்கு. எழுபத்துமூன்று.

"சம்மந்தி" என்றார் ராமாத்தாள். அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது, அதுதான் கொடுமை. "என்ற அண்ணன் குடும்பம் இந்தத் தகடு தாயத்துன்னு அலைஞ்சு அலைஞ்சே ஓட்டாண்டியாப் போச்சுங்க. செய்வினைன்னு எவனோ சொன்னான், வெச்சது அண்ணிதான்னு பேரைச் சொன்னான், நல்ல பொம்பளை, கெணத்துல உளுந்து செத்தா. எனக்கு இதைக் கண்டாலே ஈரக்குலை நடுங்குமுங்க. உங்க புள்ளைய எனக்குப் புடிச்சிருக்குது. என்ற பையனுக்கும் புடிச்சிருக்குது. இது உங்க தொழிலு இல்ல, எவளோ எழுதச் சொன்னா, இன்னையோட விட்டர்றேன், இப்படி ஏதாச்சும் ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லுங்க. நான் நம்பிட்டுப் போயர்றேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒரு வார்த்தை. எழுபத்துநான்கின் ஏழு விழுந்திருக்கிறது, நான்கு விழவில்லை. இல்லைங்க என்று சொன்னால் போதும், ஐந்து எழுத்து, ஆணியால் எழுதினால்கூட ஐந்து நொடி. வசந்தாமணி யாருக்கும் செய்வினை எழுதியதில்லை, எழுதச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பியிருக்கிறாள், கிணற்றில் விழுந்த அந்த அண்ணியின் பேரைச் சொன்னவன் கையில் ஆணி கிடைத்தால் அவன் கண்ணிலேயே குத்தியிருப்பாள், இதையெல்லாம் சொல்ல வாய் வேண்டும், வாயைத் திறந்தால் தகடு போகும், இதைச் சொன்னாலும் தகடு போகும், அதைச் சொன்னாலும் தகடு போகும், அப்படிப் போவதானால் மகளுக்கு உதவுகிற வார்த்தையைச் சொல்லிப் போகட்டுமே. ரேணுகா காத்திருப்பாள். மாத்திரை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், இருபத்தேழு நாள்தானே. இல்லை, காத்திருக்க மாட்டாள், அந்தக் குரல், அந்த மூக்குறிஞ்சல். ஆனால் இவள் என் வயிற்றில் பிறந்தவள். பாட்டை முணுமுணுக்கிறாள். இரண்டு நாளாகப் பூ வைத்துக்கொள்கிறாள். இந்த வீட்டில் பூவாசம் வந்து எத்தனை வருஷம். இருநூறில் ஒன்று செத்தால் என்ன, இருநூறும் செத்தால் என்ன, தொழிலாவது ஒன்றாவது, பெற்றவளுக்குக் கர்வம் என்ன வேண்டிக் கிடக்கிறது. கை ஆணியைத் தகட்டிலிருந்து எடுத்தது. மணைமேல் வைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிரித்தாள். வாயைத் திறந்தாள்.

"அம்மா, நீ பேசாதே."

தாரணி கையில் சொம்போடு ஹால் நடுவில் நின்றாள். தண்ணீர் தளும்பிப் பாதத்தில் விழுந்தது.

"அத்தை, எங்கொம்மா இப்போ பேசக் கூடாதுங்க. பேசுனா அது கெட்டுப்போயிரும். நாந்தானுங்க பொய் சொன்னேன், அவங்க சொல்லல. எங்கொம்மா பேரு வெட்டறவங்க இல்ல. தகடு எழுதறவங்க. இதான் அவங்க தொழிலு. கெட்டதுக்கு ஒண்ணுகூட எழுதுனதில்லைங்க. மத்தவங்க எல்லாம் மெஷின்ல இழுக்கறாங்க, இவங்க ஒவ்வொண்ணும் கையில எழுதறாங்க. எந்தப் பக்கம் கூட்டுனாலும் முந்நூத்தி அறுவத்தி ஒம்பது வரும். நீங்க வேணா கூட்டிப் பாருங்க. அம்மா தூங்குனப்பறம் நான் எல்லாத்தையும் கூட்டிப் பாத்திருக்கேன். ஒண்ணுகூடத் தப்புனதில்ல."

வசந்தாமணியின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை, வந்திருந்தால் என்ன சத்தமாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாத்தையும். எப்போது. இந்தப் பிள்ளை, உடுக்கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, எழுதி முடித்த தகடு வைக்கிற கூடையைத் திறந்து, துணியைப் பிரித்து, விரல் வைத்துக் கூட்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும். சேலத்து ஆடிட்டர் சொன்னபோது வந்த பெருமை எல்லாம் இப்போது என்ன பெருமை. நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது, அழுகையும் சத்தம்தான், உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். ஆணியைத் தேடி எடுத்தாள். ஏழுக்குப் பக்கத்தில் நான்கை இறக்கினாள்.

ராமாத்தாள் எழுபத்தாறு வரை இருந்தார் என்பது வசந்தாமணிக்குத் தெரியும். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். "வீட்டுல பேசிட்டுச் சொல்றேன் கண்ணு" என்றார். கோபம் இல்லாத குரல், பிடியும் கொடுக்காத குரல். செருப்பை மாட்டுவது கேட்டது, படியிறங்குவது கேட்டது. தாரணி கதவைச் சாத்தினாள். வந்து மணைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள், கண் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. தகட்டின் மூலை ஒன்று மேலே மடங்கி மடங்கி எழுந்துகொண்டிருந்ததை, மூன்று வருஷமாக வசந்தாமணி இடக் கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பழகியதை, தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தேழு. எழுபத்தெட்டு. மூக்கு அரிக்கவில்லை. எழுபத்தொன்பது. ஒன்றும் நினைக்கவில்லை, அல்லது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் நினைத்தாள், இந்தச் சம்பந்தம் போகலாம், ஏழாவதாகப் போகலாம், எட்டாவதும் போகலாம், பிள்ளை இன்று ராத்திரி அழுவாள், நாளைக்கும் அழுவாள், ஆனால் தரையைப் பார்த்துப் பேச மாட்டாள். எண்பது. அடி வரிசையின் நடுக் கட்டம் ஒன்றே வெறுமையாக மினுங்கியது. எண்பத்தொன்றை நிறுத்தி நிதானமாக எழுதி, ஆணியை வைத்தாள்.

மௌனம் கலைக்கும்போது முதல் வார்த்தை, யாருக்காக எழுதினோமோ அவருடைய பேராகத்தான் இருக்க வேண்டும். "ரேணுகா. கேட்டை நட்சத்திரம்" என்றாள் வசந்தாமணி. பிறகு மகளைப் பார்த்தாள்.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன். குடிக்கல."

"செரி. தாகமெடுத்தா வரட்டும்" என்றாள் அவள். தகட்டைத் துடைத்து மகள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "நீ கூட்டு."